1940-களில் நவாஹோ மக்களைப் பத்திரிகைகள் எழுதிய விதம்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்க நிருபர்கள் அந்நாட்டுப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் வாழ்வை எப்படிப் பதிவு செய்தார்கள் என்பது பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்து, அவற்றுக்கான பதில்களைக் கீழே தருகிறேன்.

கேள்வி: காலங்காலமாக அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் வாழ்ந்துவந்த மக்கள் 1947-இல் திடீரென்று தலைப்புச் செய்தி ஆனது ஏன்?

போர்க்காலத்தில் ஏறத்தாழ 3,600 நவாஹோக்கள் படையில் சேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ரயில்பாதைகளிலும் போர்த் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் கூலியும் படைவீரர் குடும்பங்களுக்கு வந்த படியும் ஒருசேர நின்றுபோயின. 1947-48 குளிர்காலத்தில் குடும்பங்கள் பட்டினி கிடப்பதாகச் செய்திகள் வரத் தொடங்கிய அதே நேரத்தில், ஐரோப்பாவுக்கு உதவும் மார்ஷல் திட்டம் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தது. கடல் கடந்து உணவு அனுப்பும் அரசு சொந்த மண்ணின் மக்களைக் கைவிட்டுவிட்டது என்று எழுதுவது நிருபர்களுக்கு எளிதாக இருந்தது. அதில் உண்மையும் இருந்தது. வாசகர்கள் உணவையும் துணிமணிகளையும் அனுப்பினார்கள். டிசம்பரில் அதிபர் ட்ரூமன் அறிக்கை வெளியிட்டார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவசர நிதிக்கு ஒப்புதல் அளித்தது.

கேள்வி: ஊர் திரும்பியவர்களுக்கு ஆடு மேய்க்கும் தொழில் இருந்திருக்குமே? வறட்சியால் அதுவும் அழிந்துவிட்டதா?

அன்றைய வாசகர்கள் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், ஏனெனில் பெரும்பாலான செய்திகள் பனியையும் வறண்ட மண்ணையும் வருணித்த அளவுக்கு 1930-களில் நடந்ததைச் சொல்லவில்லை. மேய்ச்சல் மிகுந்து மண் அரிக்கப்படுகிறது, அந்த வண்டல் கொலராடோ ஆற்றில் கட்டப்பட்டுவந்த பெரிய அணையை நிரப்பிவிடும் என்று அஞ்சிய அரசு, செவ்விந்தியர் விவகார ஆணையர் ஜான் கோலியரின் காலத்தில் மந்தைகளைக் குறைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. வெள்ளாடு ஒன்றுக்கு ஒரு டாலர் அளவில் விலை கொடுத்தார்கள். சந்தைக்கு ஓட்டிச் செல்ல வழியில்லாத இடங்களில் ஆடுகளைச் சுட்டுக் கொன்று அங்கேயே அழுகவிட்டதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். ஒரு தலைமுறைக்குள் மந்தைகள் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கின. நவாஹோ சமூகத்தில் குலம் தாய்வழியே வருவது. ஆடுகளில் பெரும்பகுதி பெண்களின் உடைமை. அதனால் இந்த அடி முதலில் விழுந்தது பாட்டிகளின் பட்டிகள் மீது. பாலும் இறைச்சியும் கம்பளி நெய்வதற்கான நூலும் தந்துவந்த மந்தை போனபின் கூலி வேலை ஒன்றே மிஞ்சியது. அந்தக் கூலியும் 1945-க்குப் பின் நின்றது. இந்த இரண்டையும் இணைத்து எழுதாத எந்தப் பட்டினிச் செய்தியையும் நான் அரைகுறைச் செய்தி என்றே கொள்வேன்.

கேள்வி (இதழியல் மாணவி ஒருவர்): மொழி தெரியாத நிருபர்கள் யாரிடம் பேசிச் செய்தி திரட்டினார்கள், ஐயா?

நல்ல கேள்வி, அம்மா. அரசு அலுவலர், மதப் பணியாளர், வணிகர் ஆகிய மூவரில் ஒருவரிடமிருந்தே பெரும்பாலும் தொடங்கினார்கள். வணிக நிலையத்தைக் கற்பனை செய்து பாருங்கள். நடுவில் தாழ்ந்த தரை, சுற்றிலும் மூன்று பக்கம் உயரமான அகன்ற மேசை, அதற்குப் பின்னால் மாவு, காபி, டப்பா உணவுகள், சீட்டு கட்டித் தொங்கவிடப்பட்ட அடகு வெள்ளி நகைகள். வாடிக்கையாளர் தாழ்வில் நிற்பார். வணிகர் மேலிருந்து பேசுவார். வசந்தத்தில் கம்பளியும் இலையுதிர் காலத்தில் குட்டிகளும் வந்து கடன் கழியும். இடைப்பட்ட மாதங்களில் ஒரு குடும்பத்தின் வயிறு அந்தக் கணக்குப் புத்தகத்தை நம்பியே இருக்கும். அதை எழுதியவரே நிருபருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தால், கடனைப் பற்றிய முறையீடு செய்தியில் எப்படி வரும்? வணிகர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லவரவில்லை; பலர் பஞ்ச காலத்தில் கடனை நீட்டியவர்கள்தாம்.

பழக்கவழக்கமும் இடையூறாக நின்றது. ஹோகான் எனப்படும் நவாஹோ மரபு வீட்டின் வாசல் கிழக்கு நோக்கியிருக்கும். அங்கே போகிறவர் கதவைத் தட்டாமல், வீட்டார் வெளியே வரும்வரை எட்ட நின்று காத்திருப்பதே மரியாதை. அவசரக்கார நிருபருக்கு அது தெரியாது. பதில் சொல்வதற்கு முன் பெரியவர்கள் காக்கும் மௌனத்தை அவர் அறியாமை என்று எழுதிவிடுவார்.

கேள்வி: புகைப்படங்கள் இந்தக் குறையை ஈடு செய்தனவா?

ஓரளவு. லைஃப் இதழுக்காக லெனர்ட் மெக்கோம்ப் எடுத்து 1948-இல் வெளிவந்த படங்கள், நகை அணிந்து நிற்கும் வழக்கமான காட்சியை விட்டு, வீட்டுக்குள்ளிருந்த குளிரையும் நோயையும் காட்டின. ஆனால் சடங்குகளில் படமெடுப்பதைப் பலர் விரும்புவதில்லை. நோய் தீர்க்கும் சடங்கில் வரையப்படும் மணல் ஓவியம் சடங்கு முடிந்ததும் அழிக்கப்பட வேண்டியது. அதை நிலையான படமாக்குவது அதன் இயல்புக்கே எதிரானது.

கேள்வி: நவாஹோக்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதவில்லையா?

எழுதினார்கள், வெளியில்தான் யாரும் படிக்கவில்லை. ராபர்ட் யங், வில்லியம் மார்கன் இருவரின் உழைப்பில் 1943-இல் தொடங்கிய 'ஆதஹூநிலிகீ' நவாஹோ மொழியிலேயே செய்திகளைத் தந்தது; 1957 வரை வந்தது. அரசு அலுவலகம் வெளியிட்டதால் அரசின் குரலும் அதில் உண்டு. பழங்குடி மன்றத்தின் சொந்த ஏடான நவாஹோ டைம்ஸ் 1959-இல் பிறந்தது.

கேள்வி: போரில் நவாஹோ மொழியைச் சங்கேதமாக்கிச் செய்தி அனுப்பிய சங்கேதப் பேச்சாளர்களைப் பற்றி அப்போது ஏன் யாரும் எழுதவில்லை?

அது 1968 வரை இராணுவ ரகசியம்.

கேள்வி: செய்திகளால் விளைந்த பயன் என்ன?

அமெரிக்க அரசு நவாஹோக்களுடன் செய்துகொண்ட 1868 உடன்படிக்கை, முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஆசிரியரும் தருவதாக வாக்களித்திருந்தது. எண்பது ஆண்டுகள் கழித்துப் பள்ளி வயதிலிருந்த ஏறத்தாழ 24,000 பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குக்கூட இடமில்லை என்பதைப் பத்திரிகைகள் ஊரறியச் செய்தன. 1950 ஏப்ரலில் நிறைவேறிய நவாஹோ-ஹோபி மறுவாழ்வுச் சட்டம், பள்ளி, சாலை, மருத்துவம், நீர்ப்பாசனம் போன்றவற்றுக்கு 8.8 கோடி டாலருக்கு மேல் செலவிட வழிசெய்தது. 1948-இல் அரிசோனா, நியூ மெக்சிகோ இரு மாநிலங்களிலும் கிடைத்த வாக்குரிமை நீதிமன்றங்களில் வென்றெடுத்தது. அதைச் செய்தித்தாளின் கணக்கில் எழுதக் கூடாது.

கேள்வி: நிருபர்கள் முற்றிலும் தவறவிட்டது எது?

யுரேனியம். 1940-களில் தொடங்கிய சுரங்கங்களைப் பத்திரிகைகள் வேலைவாய்ப்பு என்றே வரவேற்றன. காற்றோட்டமற்ற குழிகளில் நவாஹோ ஆண்கள் தாதுவை வெட்டினார்கள். சுவரில் கசிந்த நீரைக் குடித்தார்கள். தூசி படிந்த உடையோடு வீடு திரும்பினார்கள். 1950-இல் பொதுச் சுகாதாரத் துறை சுரங்கத் தொழிலாளரின் உடல்நிலையை ஆராயத் தொடங்கியபோதும், ஆபத்து என்னவென்று அவர்களிடம் சொல்லவில்லை. நுரையீரல் புற்றுநோயால் கணவரை இழந்த பெண்கள் ஒருவரோடொருவர் பேசிய பிறகே விவகாரம் வெளியே வந்தது. இழப்பீட்டுச் சட்டம் 1990-இல்தான் நிறைவேறியது.