வாசகர் கேள்வி – பதில்: கொடுத்த எழுத்துகளில் நீண்ட சொல்

கேள்வி: சில எழுத்துகளைக் கொடுத்து, அவை அனைத்தும் இடம்பெறும் மிக நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். அகராதியைப் புரட்டிப் பயனில்லை. இதற்கு முறையான வழி ஏதும் உண்டா?

பதில்: உண்டு. அகராதி முதல் எழுத்தைக் கொண்டு அடுக்கப்பட்டது. தங்கள் எழுத்து சொல்லின் நடுவில் எங்கோ இருக்கலாம் என்பதால் அது உதவாமல் போவது இயல்பே. கொடுத்த எழுத்துகளில் எது அரிதானதோ அதிலிருந்து தொடங்குங்கள். எழுத்து பொறித்த காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டின் காய்கள் இதற்கு நல்ல அளவுகோல்: ‘ஈ’ எழுத்துக்கு 12 காய்கள், ‘க்யூ’, ‘இசட்’, ‘ஜே’, ‘எக்ஸ்’ ஆகியவற்றுக்குத் தலா ஒன்றே. அதை வகுத்த ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எழுத்துகள் வரும் தடவைகளை எண்ணிப் பார்த்தே காய்களைப் பங்கிட்டார்.

அரிய எழுத்துகள் கண்ட இடத்தில் அமர்வதில்லை என்பதுதான் நமக்குக் கிடைக்கும் பிடி. ‘க்யூ’வை அடுத்துப் பெரும்பாலும் ‘யூ’ வரும். ‘எக்ஸ்’ சொல்லின் தொடக்கத்தில் ‘ஈ’யோடு சேர்ந்தே மிகுதியாக வரும். ‘ஜே’ என்றால் சப்ஜெக்ட், அப்ஜெக்ட் ஆகியவற்றின் ஈற்றில் உள்ள ‘ஜெக்ட்’ என்ற துண்டு முதலில் நினைவுக்கு வர வேண்டும். ‘இசட்’ நீண்ட சொற்களில் ‘ஐஸ்’, ‘ஐசேஷன்’ என்ற விகுதிகளில் ஒளிந்திருக்கும். நம்மில் பலர் அந்த விகுதிகளை ‘எஸ்’ இட்டே எழுதிப் பழகியதால் இவ்வகைச் சொற்கள் கண்ணில் படாமல் போகின்றன. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியோ ‘இசட்’ வடிவத்தையே முதன்மையாகத் தருகிறது. ஆகவே ‘க்யூ’வும் ‘இசட்’டும் கேட்டால் ஈக்வல் என்பதோடு விகுதியைச் சேர்த்து 12 எழுத்துள்ள ஈக்வலைசேஷன், ‘எக்ஸ்’ஸும் ‘க்யூ’வும் கேட்டால் எக்ஸ்குவிசிட், அதோடு ‘னெஸ்’ சேர்த்தால் 13 எழுத்து, ‘ஜே’யும் ‘எக்ஸ்’ஸும் கேட்டால், அருகருகே வைத்தலைக் குறிக்கும் ஜக்ஸ்டபொசிஷன், அதுவும் 13 எழுத்து.

அடுத்த படி நீட்டுவது. பெரும்பாலான நீண்ட ஆங்கிலச் சொற்கள் முன்னொட்டும் வேர்ச்சொல்லும் பின்னொட்டும் சேர்ந்து கட்டப்பட்டவை; நீளத்தைக் கூட்டும் அதே ஒட்டுகள், வேர்ச்சொல்லில் இல்லாத எழுத்துகளையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. தங்களிடம் ‘ஹெச்’, ‘யூ’, ‘எல்’, ‘ஒய்’ ஆகிய நான்கும் கொடுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். கேரக்டரிஸ்டிக் என்ற 14 எழுத்துச் சொல்லில் ‘ஹெச்’ மட்டுமே இருக்கிறது என்று பலர் அதைக் கைவிட்டுவிடுவார்கள். முன்னால் ‘அன்’, பின்னால் ‘அலி’ சேர்த்து அன்கேரக்டரிஸ்டிக்கலி ஆக்கினால் ‘யூ’, ‘எல்’, ‘ஒய்’ மூன்றும் வந்துவிடுகின்றன. சொல்லும் 20 எழுத்தாகிவிடுகிறது. எழுத்துகளைத் தனித்தனியாகத் தேடாமல், அவற்றைச் சுமந்துவரும் துண்டுகளைத் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: கணினியில் சொற்பட்டியல் வைத்திருக்கிறேன். எழுத்துகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டுத் தேடினால் பொருந்தாத சொற்களும் வந்து குவிகின்றன. ஏன்?

பதில்: சதுர அடைப்புக்குறிக்குள் இட்ட எழுத்துகளில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்பதே அந்தக் குறியீட்டின் பொருள், அனைத்தும் வேண்டும் என்பதன்று. எழுத்துகளுக்கு இடையே ‘எதுவும் வரலாம்’ என்ற குறியை இட்டு வரிசையாக எழுதினாலோ, அதே வரிசையில் வரும் சொற்கள் மட்டுமே கிடைக்கும். ‘எக்ஸ்’ முன்னும் ‘க்யூ’ பின்னும் என்று தேடினால் எக்ஸ்குவிசிட் அகப்படும், குவிக்ஸாட்டிக் நழுவிவிடும். சரியான முறை அடுத்தடுத்து வடிகட்டுவது. கென் தாம்சன் 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய, கோப்பில் தேடும் க்ரெப் என்ற கருவியில், முதல் எழுத்துள்ள சொற்களை எடுத்து, அந்த விளைவை அப்படியே இரண்டாம் எழுத்துக்கான தேடலுக்கு அனுப்பி, பிறகு மூன்றாவதற்கு அனுப்பலாம். இறுதியில் நீளவாரியாக அடுக்கினால் விடை மேலே நிற்கும்.

பட்டியலின் வயதையும் பாருங்கள். பல கணினிகளோடு வரும் பட்டியல் 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருந்தாலும், வழக்கொழிந்தவை ஏராளம், பிற்காலத்தவை இல்லை.

கேள்வி: ஐந்து உயிரெழுத்துகளும் ஒவ்வொரு முறை மட்டும் வரும் நீளமான சொல் எது?

பதில்: நாம் நாளும் சொல்லும் எஜுகேஷன் என்பதிலேயே ஐந்தும் ஒவ்வொரு முறை வருகின்றன. இன்னும் நீளம் வேண்டுமெனில், பதிப்புரிமை பெற இயலாத என்று பொருள்படும் அன்காப்பிரைட்டபிள் 15 எழுத்துகள் கொண்டது. உயிரெழுத்து மட்டுமல்ல, எந்த எழுத்தும் அதில் இருமுறை வருவதில்லை. உணவிலும் குடியிலும் அடக்கம் உள்ளவரைக் குறிக்கும் ஆப்ஸ்டீமியஸ் என்ற சொல்லில் ஐந்தும் அகரவரிசையிலேயே நிற்கும். துணைக்கண்டம் சார்ந்த என்ற பொருளுடைய சப்கான்டினென்டல் என்பதில் அவை நேர்மாறான வரிசையில் வரும். அதை எழுதிப் பார்த்து ஒவ்வோர் உயிரெழுத்தாகக் கோடிடுங்கள். அந்த ஒழுங்கு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கேள்வி: நுரையீரல் நோயைக் குறிக்கும் 45 எழுத்துச் சொல்லை எழுதினால் ஏற்பார்களா?

பதில்: அது ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ளது, ஆனால் 1935இல் அமெரிக்கப் புதிர் அமைப்பு ஒன்றின் தலைவரான எவரெட் ஸ்மித் நீளத்துக்காகவே புனைந்த சொல் அது. மருத்துவர்களுக்கு அந்நோய் சிலிக்கோசிஸ் என்ற சிறு பெயரிலேயே அடங்கிவிடும். அகராதியில் இருந்தால் போதும் என்பது விதியானால் தாராளமாக எழுதுங்கள். என்னிடம் தீர்ப்பு கேட்டால், மனிதர் பேச்சிலோ எழுத்திலோ ஒரு பொருளைச் சொல்வதற்காக வழங்கிய சொல்லுக்கே முதலிடம் தருவேன்.