வியாழக்கிழமை ஆனா பாதி காய் குப்பைக்குப் போகுது, என்னக்கா பண்றது?

சிங்கப்பூர் செங்காங்கில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்ல ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க, சனிக்கிழமை காலையில தேக்கா மார்க்கெட் போய் ஒரு வாரத்துக்கு காய், பழம் எல்லாம் வாங்கிட்டு வந்துடறாங்க, 40, 50 வெள்ளி ஆகுதாம். வியாழக்கிழமை ஃப்ரிட்ஜைத் திறந்தா கீரை கொழகொழன்னு கிடக்கு, வெண்டைக்காய் கருத்துப் போச்சு. "சீசன் காயா பாத்து வாங்கி சிம்பிளா சமைங்கன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா, இங்கதான் வருஷம் முழுக்க எல்லாமே கிடைக்குதே, இதுல எது சீசன்?"

நானும் திருச்சியில இருந்து வந்த புதுசுல இப்படித்தான் முழிச்சேன். ஊர்ல தை பொறந்தா மொச்சை, சித்திரைன்னா மாங்கா, யாரும் சொல்லித்தர வேணாம். இங்க வந்து பாத்தா எல்லாமே எல்லா நாளும் அடுக்கி வச்சிருக்கான். ஆனா சிங்கப்பூர் சாப்பிடறதுல 90 சதவீதத்துக்கு மேல வெளியில இருந்து வர்றதுதான், அதனால நம்ம தட்டுல இருக்கற சீசன் இங்கத்து சீசன் இல்ல, அந்தக் காய் எந்த ஊர்ல இருந்து லாரியிலயும் ப்ளேன்லயும் வருதோ அந்த ஊர் சீசன். கேலண்டரைப் பாக்காதீங்க, கடைக்காரர் முன்னாடி மலையா குவிச்சு வச்சு விலையையும் குறைச்சு எழுதியிருக்காரா, அதைப் பாருங்க, எங்கேருந்து வந்துச்சு அண்ணேன்னு ஒரு வார்த்தை கேளுங்க, அவ்ளோதான்.

ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் மாம்பழம். இந்தியாவில இருந்து பங்கனபள்ளி, அல்போன்சா, மலேசியா பெர்லிஸ்ல இருந்து ஹருமானிஸ். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், பலா மாதிரியே இருக்கற செம்படாக். நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் மழை, மலேசியாவில ஜொகூர் பக்கம் வெள்ளம் வந்தா கீரை வகை விலை சட்டுனு ஏறும், கூடவே சீனப் புத்தாண்டும் வந்துட்டா கேக்கவே வேணாம். அந்த நேரத்துல கீரையை விட்டுட்டு பரங்கிக்காய், வெள்ளைப் பூசணி, முட்டைகோஸ், சேனைன்னு போயிடுங்க. பொங்கல் சமயத்துல தேக்கா பக்கம் கரும்பும் மஞ்சள் கொத்தும் கட்டுக்கட்டா நிக்கும்போது பரங்கியும் சர்க்கரைவள்ளியும் நல்லா இருக்கும், எல்லாம் போட்டு ஒரு கூட்டு வச்சா முடிஞ்சுது.

இப்ப உங்க அழுகல் பிரச்சினைக்கு வர்றேன், உண்மையில இதுதான் உங்க கேள்வின்னு நினைக்கிறேன். வாங்கினதுல தப்பில்ல, சாப்பிடற வரிசையில தப்பு. கீரைக்கு எதிரி தண்ணி. மார்க்கெட்ல வாடாம இருக்க தண்ணி தெளிச்சிட்டே இருப்பாங்க, அதை அப்படியே ப்ளாஸ்டிக் பையில முடிச்சுப் போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா உள்ளேயே வெந்த மாதிரி ஆயிடும். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிச்சு, கழுவாம, உதறி, கிச்சன் டிஷ்யூல சுத்தி டப்பாவில வைங்க. மாம்பழம், வாழைப்பழம், தக்காளி பக்கத்துல வைக்காதீங்க, பழுக்கறப்ப அதுங்க எத்திலீன்னு ஒரு வாயு விடும், கீரை சீக்கிரம் மஞ்சளாகும். இவ்வளவு பண்ணினாலும் கீரை சனி, ஞாயிறு, மிஞ்சிப் போனா திங்கள், அதுக்கு மேல நம்பாதீங்க.

வெண்டை, கத்தரி, வெள்ளரி கதை வேற. இதெல்லாம் வெயில் ஊர்க் காய், குளிர் ஆகாது. ஃப்ரிட்ஜ் உள்ள 4 டிகிரி இருக்கும், வெண்டைக்காய்க்கு 7 டிகிரிக்குக் கீழ போனாலே தோல் கருக்க ஆரம்பிச்சிடும். காய் டிராயர்ல பேப்பர்ல சுத்தி வச்சு செவ்வாய்க்குள்ள முடிச்சிடுங்க. புதன்ல இருந்து வெள்ளி வரைக்கும் முட்டைகோஸ், கேரட், பீட்ரூட், பரங்கி. வெட்டின பரங்கித் துண்டுல விதையும் நாரும் இருந்தாதான் முதல்ல அங்க பூசணம் பிடிக்கும், ஸ்பூனால வழிச்சு எடுத்துட்டு வைங்க, மூணு நாலு நாள் தாங்கும், அதனால வெட்டின துண்டை புதன்கிழமையே முடிச்சிடுங்க.

சமையல்னு பாத்தா, வேலைக்குப் போறவங்களுக்கு நான் ரெண்டே ரெண்டுதான் சொல்வேன், இதுல கை படிஞ்சிட்டா மிச்சமெல்லாம் தானா வரும்.

முதல்ல கீரைப் பொரியல். இங்க பயாம்னு விக்கறாங்களே அது நம்ம முளைக்கீரை வகைதான், சிவப்பும் இருக்கு. பெரிய பாத்திரத்துல தண்ணி ஊத்தி கீரையை அமுக்கி அலசி, தூக்கி வேற தண்ணியில போடுங்க. தண்ணியைக் கொட்டக் கூடாது, கீரையைத் தூக்கணும், அப்பதான் மண் அடியில தங்கும், மூணு தடவை. கழுவின அப்புறம்தான் நறுக்கணும், தண்டு தனி, இலை தனி. எண்ணெயில கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், தட்டின பூண்டு நாலு பல், சின்ன வெங்காயம், வதங்கினதும் தண்டு ரெண்டு நிமிஷம், அப்புறம் இலை. மூடாதீங்க, தண்ணியும் ஊத்தாதீங்க, அதுவே விடும். உப்பு கடைசியில, ஏன்னா சட்டி நிறைய போட்ட கீரை ஒரு கைப்பிடியா சுருங்கிடும், முதல்லயே கண்ணளவுக்குப் போட்டா வாயில வைக்க முடியாது. நான் எத்தனை தடவை போட்டுக் கெடுத்திருக்கேன்னு எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. தேங்காய்ப்பூ தூவி இறக்கிடுங்க, மொத்தம் ஆறு ஏழு நிமிஷம்.

அடுத்தது மாம்பழ மோர்க்குழம்பு, சீசன்ல வாங்கி ஒரே நேரத்துல எல்லாம் பழுத்துடுச்சுன்னு தவிக்கறவங்களுக்கு. கொஞ்சம் புளிப்பு இருக்கற சின்னப் பழம்தான் இதுக்கு ருசி, அல்போன்சாவைப் போட்டு வீணாக்காதீங்க, அது அப்படியே சாப்பிடற பழம். ரெண்டு பழத்தைத் துண்டாக்கி, கொட்டையையும் சேத்து, மஞ்சள்தூள், உப்பு, கால் கப் தண்ணியில குழைய வேக விடுங்க. கால் மூடி தேங்காய், ஒரு ஸ்பூன் சீரகம், ரெண்டு பச்சை மிளகாய் அரைச்சு ஊத்தி ஒரு கொதி. இப்ப தீயை நல்லா குறைச்சிட்டு, புளிச்ச தயிர் ஒரு கப் கடைஞ்சு ஊத்தி கிண்டிக்கிட்டே இருங்க, ஓரத்துல நுரை கட்டினதும் அடுப்பை அணைச்சிடணும், கொதிச்சா திரிஞ்சிடும். தேங்காய் எண்ணெயில கடுகு, நாலு வெந்தயம், வரமிளகாய், கருவேப்பிலை தாளிச்சுக் கொட்டினா வீடே மணக்கும்.

காயா இருக்கற மாம்பழத்தை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, பழுக்காம உள்ள கருத்து வீணாப் போகும், வெளிய வச்சு பழுத்ததும் உள்ள வைங்க. அப்புறம் செம்படாக், பலாப்பழம் சாப்பிட்டா கொட்டையைத் தூக்கிப் போடாதீங்கம்மா, உப்புத் தண்ணியில 20 நிமிஷம் வேக வச்சு வெள்ளைத் தோலை உரிச்சா சாம்பார்லயும் போடலாம், மிளகாய்த்தூள் போட்டு வறுக்கலாம், உருளைக்கிழங்கு பக்கத்துல நிக்காது.

அடுத்த சனிக்கிழமை ஒரு வேலை செய்ங்க. லிஸ்ட் எழுதாம போங்க, கீரை ஒரே கட்டு, சீக்கிரம் கெடற காய் ரெண்டு வகை, தாங்கற காய் மூணு வகை, இதுக்கு மேல வாங்காதீங்க. வியாழக்கிழமை ஃப்ரிட்ஜ்ல என்ன மிஞ்சியிருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, அரை முட்டைகோஸ்தான் இருக்கும்னு நினைக்கிறேன், அதை கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வச்சிடலாம்.