டிஜிட்டல் அடையாளம் என்றால் ஆதார் மட்டும்தானா?

ஆதார் மட்டும்தானா, மாணவர்கள் இதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆதார் அதில் ஒரு துண்டுதான். கைபேசி எண், நாம் போட்ட படங்கள், அனுப்பிய ஃபார்வர்டுகள், அடுத்தவர் நம்மைப் பற்றி எழுதியவை எல்லாம் சேர்ந்ததே அந்த அடையாளம்.

நான் மன்னார்குடிப் பக்கம், கல்லூரி இரண்டாம் ஆண்டு. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட, சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் பிரிண்ட் எடுக்க அப்பாவோடு ஒரு கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் முன்பு வந்தவர்களின் ஆதார் படங்கள் வரிசையாகக் கிடந்தன. அதில் எங்கள் தெருப் பெரியம்மாவின் முகமும் இருந்தது. வயிற்றைப் பிசைந்தது. "அண்ணே, எங்களோடதை அழிச்சிடுங்க, பெரியம்மாவோடதையும்" என்றேன். உடனே அழித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்பது நம் உரிமை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். முழு எண் தேவைப்படாத இடத்தில், 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம்.

அப்புறம், குடிமைப் பொறுப்பு. 2018 ஆகஸ்டில் திருச்சி அருகே கொள்ளிடம் ஆற்றில் உள்ள முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தன. அந்தப் பழைய வீடியோவை இன்றைய வெள்ளம் என்று அனுப்பினால், கொள்ளிடக் கரையில் இருப்பவர்கள் ராத்திரியில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள். தேதி தெரியாத எதையும் நான் ஃபார்வர்டு செய்வதில்லை. இணைய மோசடியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.