ஆயில் மாற்றும் அந்த அரை மணி நேரம்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எஞ்சின் ஆயில் பற்றியவை. கம்பெனி சர்வீஸ் பில்லைப் பார்த்து மிரண்டு, தெரு முனை மெக்கானிக்கிடம் போகலாமா என்று யோசிப்பவர்களே அதிகம். தாராளமாகப் போகலாம். ஒன்றே ஒன்று: சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அரை மணி நேரம் பக்கத்தில் நில்லுங்கள்.

வாரன்ட்டி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வெளியில் ஆயில் மாற்றினால் வாரன்ட்டி போய்விடுமா? (மதுரை)

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததுதான் வழக்கு. வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. பிறகு நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

உத்தரவு ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு எஞ்சினில் பெரிய செலவு வந்து நின்றால், சர்வீஸ் சென்டர் கவுன்டரில் வாதாட வேண்டியது நீங்கள்தான். ஒரு வருடம்தானே, அங்கேயே முடித்துவிடுங்கள். இல்லை, வெளியில்தான் செய்வேன் என்றால், தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு (0W-20 போல), ஃபில்டர் எண் நான்கும் எழுதிய பில் வாங்கி வையுங்கள். துண்டுச் சீட்டில் ‘ஆயில் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதித் தந்தால் அது எதற்கும் உதவாது.

எங்கள் மெக்கானிக் பாரல் ஆயில் ஊற்றுகிறார். விலை குறைவு. நம்பலாமா? (ஈரோடு)

பாரல் என்பதாலேயே மட்டம் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர்களிலும் பாரலிலிருந்துதான் பிடிக்கிறார்கள். அந்த பாரலை யார் நிரப்பினார்கள், உள்ளே எந்த கிரேடு என்பதுதான் கேள்வி. அதை நின்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஆயிலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். இந்தியன் ஆயிலின் சர்வோவும் பாரத் பெட்ரோலியத்தின் மேக்கும் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். சீலை மெக்கானிக் உங்கள் கண் முன்னால் உடைக்கட்டும். மெக்கானிக் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். நல்ல மெக்கானிக்குக் கூலிதான் கணக்கு, கேனில் வரும் லாபம் அல்ல.

காலி கேனை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. மூடியோடு முழுசாக விட்டுவிட்டு வந்தால், அது மறுபடி நிரம்பி வேறொருவர் கைக்குப் போகலாம். ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திவிட்டு வாருங்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. 3.5 லிட்டர் கேன் வாங்கினோம், முழுசாக ஊற்றியாக வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. கேன் காலியாக வேண்டும் என்று எஞ்சினுக்கு ஏதாவது வேண்டுதலா? பல சின்னப் பெட்ரோல் கார்களுக்கு மூன்று லிட்டரைச் சற்று ஒட்டித்தான் பிடிக்கும். சரியான அளவு கார் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் நிறைய ஊற்றினால் எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் ஆயிலில் அடித்து மோர் கடைவது போல் நுரையாக்கிவிடும். நுரைக்குள் இருப்பது பாதி காற்று, அது பேரிங்கைக் காப்பாற்றாது. கையேடு சொல்வதில் கால் லிட்டர் குறைவாக ஊற்றி, எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துச் சமதளத்தில் டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) பாருங்கள். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். மீதியைப் பத்திரமாக வையுங்கள், டாப்-அப்புக்கு ஆகும்.

என் காருக்கு 0W-20 என்று கையேட்டில் இருக்கிறது. ‘அது குளிர் நாட்டுக்கு, நம்ம வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஓடிடும், 20W-50 ஊத்துங்க’ என்கிறார் மெக்கானிக். (வேலூர்)

வேலூர்க்காரர் வெயிலைப் பற்றிச் சொன்னால் மறுத்துப் பேச யோசனையாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுத்தாக வேண்டும்.

அந்த W என்பது வின்டர். 0W என்றால் மைனஸ் 40 டிகிரியில்கூட பம்ப் அந்த ஆயிலை இழுக்க முடியும் என்று சோதித்திருக்கிறார்கள். 15W-க்கு அதே சோதனை மைனஸ் 25-ல். நமக்கு அந்தக் குளிர் கிடையாது, அதுவரை உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. ஆனால் வெயிலுக்கான எண் அது இல்லை, பின்னால் வருவது. அதை அளப்பது 100 டிகிரியில். ஓடிச் சூடான எஞ்சினின் ஆயில் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கும். எஞ்சின் சூட்டைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் பிடித்து வைப்பதால், வேலூர் மே மாதத்துக்கும் ஊட்டி டிசம்பருக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் தோலுக்குத் தெரியும் அளவுக்கு ஆயிலுக்குத் தெரியாது.

20 எண் ஆயிலை நம்பிச் செய்த எஞ்சினில் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்ப்பும் அதற்கேற்றபடி இருக்கும். வால்வ் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பும் அதே ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேல் பக்கத்துக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். மைலேஜும் இறங்கும். உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அம்பாசடர் காலத்தில் கை பழகியவர்களுக்கு 20W-50தான் ஆயில், மற்றதெல்லாம் தண்ணீர். சில கையேடுகளில் மாற்று கிரேடும் கொடுத்திருப்பார்கள். இருந்தால் அந்தப் பட்டியலுக்குள் எதையும் ஊற்றலாம்.

ஆயில் மாற்றி நான்கு நாள் ஆகிறது. காலையில் போர்ட்டிகோவில் இரண்டு மூன்று சொட்டு. முன்பு இப்படி இல்லை. (திருச்சி)

பட்டறையில் ஆயில் மாற்றுவது சின்ன வேலை என்பதால், இருப்பதிலேயே சின்னப் பையனிடம் கொடுப்பார்கள். நானும் அந்தப் பையனாக இருந்தவன். ஒருமுறை பழைய ஃபில்டரைக் கழற்றி, புதியதை மாட்டி, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பத்து விநாடி இருக்காது, ஃபில்டர் பக்கத்திலிருந்து குழாய் திறந்த மாதிரி ஆயில் கொட்டித் தரை முழுக்கப் பரவியது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேல் புது வளையம். இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் சீல் பிடிக்காது. இன்றைக்கும் ஃபில்டர் உட்காரும் முகத்தை ஒரு சுற்று விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டுவதில்லை.

உங்களுக்குச் சொட்டுதான் என்பதால் முதல் சந்தேகம், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட் மேல். அந்த போல்ட்டுக்குக் கீழே செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். முறுக்கும்போது கொஞ்சம் நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கியது மறுபடி அதே போல் அடைக்காது. அற்ப விலைதான், ஆனாலும் பழையதையே திருப்பிப் போட்டு அனுப்புவார்கள். சொட்டினால் ஸ்பேனரில் பைப்பை மாட்டி இன்னும் முறுக்குவார்கள். சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அலுமினியம் என்றால் மரை போய்விடும். அப்படிப் போயிருந்தாலும் உடனே புது சம்ப் வாங்க ஓடாதீர்கள், லேத்தில் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்து தருவார்கள்.

சம்ப்பையும் ஃபில்டரையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ராத்திரி அடியில் செய்தித்தாள் விரியுங்கள். காலையில் போல்ட் ஈரமா, ஃபில்டர் ஈரமா என்று தெரிந்துவிடும். ஃபில்டர் என்றால் கழற்றி, அதன் ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் எஞ்சினைத் தொட்ட இடத்திலிருந்து கையாலேயே முக்கால் சுற்று முறுக்குங்கள். பெரும்பாலான கார்களுக்கு அவ்வளவுதான். இரண்டுமே காய்ந்திருந்தால், ஊற்றும்போது சிந்தியது வழிவதாக இருக்கலாம், அப்படியென்றால் தானாக நின்றுவிடும். அதுவரை தினம் டிப்ஸ்டிக் பாருங்கள். ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், வீடு பக்கம்தானே என்று ஓட்டாமல் அங்கேயே எஞ்சினை அணையுங்கள்.

டீசல் கார். ஆயில் மாற்றிய மறுநாளே கறுப்பு. ஏமாற்றிவிட்டார்களா? (நாமக்கல்)

இல்லை. டீசல் எரிந்தால் கரி வரும், உள்ளே ஒட்டியிருப்பதும் சேரும். கரியைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் என்றால் வேறொன்றைக் கவனியுங்கள். அவற்றின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி உண்டு. சாம்பல் குறைந்த ஆயில்தான் அதற்கு ஆகும், கையேடு ஏசிஇஏ சி3 போல ஒரு தரம் கேட்கும். லாரிக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றினால் வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும், புதியதின் விலை கேட்டால் தலை சுற்றும். டிப்ஸ்டிக்கில் மட்டம் தானாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் பெரும்பாலும் ஆயிலில் டீசல் கலக்கிறது.

வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. 10,000 வரை காத்திருக்கலாமா? (தஞ்சாவூர்)

10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருப்பார்கள். அந்த ‘அல்லது’ உங்களுக்காகத்தான். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போகும் காரில் எஞ்சின் முழுச் சூடே ஆவதில்லை. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் ஃப்ளஷ் போடச் சொல்கிறார்கள். (சேலம்)

ஆயில் மாற்றும் முன் எஞ்சினின் உள்ளே கழுவ ஊற்றும் திரவம் அது. நேரத்துக்கு ஆயில் மாற்றிய காருக்குத் தேவையில்லை. அந்தக் காசில் நல்ல ஃபில்டர் வாங்குங்கள்.

பழைய ஆயிலை நானே வாங்கி வந்து மாட்டுக் கொட்டகை மரத்துக்குப் பூசலாமா? கறையான் வராது என்கிறார்கள். (புதுக்கோட்டை)

கறையானுக்குப் பூசுவது நம் பக்கத்துப் பழக்கம்தான், என் தாத்தாவும் செய்தார். ஆனால் ஓடிய ஆயிலில் உலோகத் தூளும் எரிபொருள் கழிவும் கலந்திருக்கும். மாடு மரத்தை நக்கும். வேண்டாம். பட்டறையில் பழைய ஆயிலுக்கென்று தனி டிரம் இருக்கிறதா, மறுசுழற்சிக்கு எடுக்க ஆள் வருகிறாரா என்று கேளுங்கள். ‘பின்னாடி வாய்க்கால்ல ஊத்திடுவோம்’ என்று பதில் வந்தால் அடுத்த தடவை வேறு பட்டறை பாருங்கள்.