எக்ஸ்ட்ரா ட்ரைன்னு போட்டிருந்தும் ஏன் இனிக்குது?

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்க ஃப்ரெண்ட்ஸ் எட்டு பேர், அப்பப்போ யாராவது ஒருத்தர் வீட்ல மதிய சாப்பாட்டுக்கு கூடுவோம். அடுத்த தடவ ஸ்பார்க்ளிங் ஒயின் நாலஞ்சு வகை வாங்கி டேஸ்ட் பண்ணி பாக்கலாம்னு பிளான். போன தடவ எக்ஸ்ட்ரா ட்ரைன்னு போட்ட பாட்டில் ஒண்ணு வாங்கினோம், ட்ரைன்னா இனிப்பு இல்லாததுதானே, ஆனா குடிச்சா இனிக்குது. ஏமாந்துட்டோமா? இந்த தடவ எத வாங்கலாம், எத்தன பாட்டில் வேணும்?

பதில்: ஏமாறல தம்பி, அந்த லேபிள் எல்லாரையும் அப்படித்தான் குழப்பும். 19ஆம் நூற்றாண்டுல பெரும்பாலான ஷாம்பெயின் இப்ப நம்மால குடிக்க முடியாத அளவுக்கு இனிப்பா இருந்துச்சு, அத வெச்சு பாத்தா கொஞ்சம் இனிப்பு கம்மியா இருந்ததே ட்ரைதான், அந்த பேரு அப்படியே நின்னுடுச்சு. இன்னைக்கு ஐரோப்பிய கணக்குப்படி ப்ரூட்னா லிட்டருக்கு 12 கிராமுக்குள்ள சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரைன்னா 12லேர்ந்து 17, வெறும் ட்ரைன்னோ செக்னோ போட்டா 17லேர்ந்து 32, டெமி செக்னா 32லேர்ந்து 50. அதாவது எக்ஸ்ட்ரா ட்ரை ப்ரூட்ட விட இனிப்பு. உங்களுக்கு சர்க்கரையே வேணாம்னா எக்ஸ்ட்ரா ப்ரூட் (6 கிராம் வரைக்கும்), அதுக்கும் கீழ ப்ரூட் நேச்சர், இதுல 3 கிராமுக்குள்ளதான் இருக்கும், தனியா சர்க்கரை சேக்கவே மாட்டாங்க.

இத ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா நீங்க வாங்கப்போறதுக்கு இதுதான் அடிப்படை. ஒரு பாட்டில் ப்ரூட், ஒரு பாட்டில் எக்ஸ்ட்ரா ட்ரை, ஒண்ணு டெமி செக்னு கலந்து வாங்கிட்டு வந்து பக்கத்து பக்கத்துல வெச்சு குடிச்சா நாக்குக்கு சர்க்கரை வித்தியாசம் மட்டும்தான் தெரியும், ஒயின் தெரியாது. அதனால எல்லாமே ப்ரூட்டா எடுங்க, ஊரையும் செய்முறையையும் மட்டும் மாத்துங்க. நாலு போதும்: ஒரு ஷாம்பெயின் (பிரான்ஸ்ல ஷாம்பெயின் பகுதியில செய்யறது), ஒரு காவா (ஸ்பெயின்), ஒரு க்ரெமான் (இதுவும் பிரான்ஸ்தான்), ஒரு ப்ரொசெக்கோ (இத்தாலி). ப்ரொசெக்கோ வாங்கறப்போ மட்டும் லேபிள ரெண்டு தடவ பாருங்க, அதுல எக்ஸ்ட்ரா ட்ரைதான் நிறைய வரும், போன தடவ நீங்க வாங்கினதும் அதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

இந்த நாலுல மூணு ஒரு குடும்பம். ஷாம்பெயின், காவா, க்ரெமான் மூணுலயும் குமிழ உண்டாக்கற ரெண்டாவது நொதித்தல் அந்தந்த பாட்டிலுக்குள்ளயே நடக்கும், ஈஸ்ட் வேலைய முடிச்சு செத்து அடியில படிஞ்சு கிடக்கும், ஒயின் மாசக்கணக்குல அது மேலயே இருக்கும், பிரெட், பிஸ்கட் மாதிரி வர்ற வாசனை அங்கேர்ந்துதான் வருது. வின்டேஜ், அதாவது திராட்சை பறிச்ச வருஷம், போடாத ஷாம்பெயின் பாட்டில்ல குறைஞ்சது 15 மாசம் இருக்கணும், வருஷம் போட்டதுன்னா 3 வருஷம். காவாவுக்கு 9 மாசம், லேபிள்ல ரிசர்வான்னு போட்டிருந்தா 18, கிரான் ரிசர்வான்னா 30. க்ரெமானுக்கும் ஈஸ்ட் மேல 9 மாசம் கட்டாயம், அது அல்சாஸ், பர்கண்டி, லுவார், லிமூன்னு பிரான்ஸோட மத்த பகுதிகள்ல செய்யறது. ப்ரொசெக்கோ வேற மாதிரி, க்ளேரான்னு ஒரு திராட்சை, பெரும்பாலும் பெரிய ஸ்டீல் டேங்க்ல நொதிக்க வெச்சு பிரஷரோடயே பாட்டில்ல அடைச்சிடுவாங்க. மட்டம்னு அர்த்தம் இல்ல, பேரிக்காய், ஆப்பிள் வாசனைய ஃப்ரெஷ்ஷா வெக்கறதுக்கு அதுதான் சரியான வழி. ஷாம்பெயின் விலை ஜாஸ்தியா இருக்கறதுக்கு அந்த காத்திருப்பும் பேரும் ரெண்டும் காரணம், அதுல பேருக்கு எவ்வளவு காசு போகுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த டேஸ்டிங்கே.

அதனால பேரு தெரியாம குடிங்க, இது ரொம்ப முக்கியம். கழுத்துல இருக்கற ஃபாயில் பேப்பர முழுசா உரிச்சிட்டு பாட்டில நியூஸ் பேப்பர்ல சுத்தி 1, 2, 3, 4னு நம்பர் போட்டுடுங்க, கார்க்க ஒளிச்சு வெச்சிடுங்க, அதுலயும் பேரு இருக்கும். யாரும் வாய திறக்காம முதல்ல எழுதணும், ஏன்னா ஒருத்தர் "ஆஹா இது ஷாம்பெயின்"னு சொல்லிட்டா மத்த ஏழு பேருக்கும் அது ஷாம்பெயினாத்தான் தெரியும். முதல் ரவுண்டு சாப்பாடு வர்றதுக்கு முன்னாடி, ரெண்டாவது ரவுண்டு சாப்பாட்டோட. உப்பும் எண்ணெயும் இருக்கற பொரிச்ச ஐட்டம் கூட ப்ரூட் பிரமாதமா போகும், புளிப்பும் நுரையும் நாக்க கழுவி விட்டுடும். காரத்துக்கு ப்ரூட் அவ்வளவா சரிப்படாது, நுரை எரிச்சல கூட்டிடும், அங்க உங்க எக்ஸ்ட்ரா ட்ரைக்கே நான் ஓட்டு போடுவேன். இனிப்பு சாப்பிட்டு ப்ரூட் குடிச்சா எலுமிச்சை மாதிரி புளிக்கும், அதுக்கு டெமி செக்கோ, மொஸ்காட்டோ டாஸ்திங்கற இத்தாலி இனிப்பு ஒயினோ தனியா ஒண்ணு வெச்சுக்கலாம்.

அளவு: ஒரு பாட்டில் 750 மி.லி., ஆளுக்கு 60 மி.லி. ஊத்துனா எட்டு பேருக்கு 480 போகும், மிச்சம் சாப்பாட்டுக்கு. நாலையும் காலி பண்ணிட்டா ஆளுக்கு அரை பாட்டில்னு கணக்கு, நுரை இருக்கறதால லைட்டா தெரியும், ஆல்கஹால் என்னவோ 11, 12 சதவீதம் இருக்கு. வண்டி ஓட்டுறவங்க தொடவே வேணாம், நிஜமா சொல்றேன்.

கேள்வி: திறக்கறப்போ கார்க் பறந்து யார் மேலயாவது பட்டுடுமோன்னு பயமா இருக்கு. அப்புறம் ஒடுக்கமான நீள கிளாஸ் கண்டிப்பா வேணுமா?

பதில்: பயப்படறது நல்லதுதான், உள்ள அஞ்சாறு அட்மாஸ்ஃபியர் பிரஷர் இருக்கும், கார் டயர விட ரெண்டு மடங்குக்கு மேல. நல்லா ஜில்லுனு இருந்தா பாதி பிரச்சனை இல்ல, ஐஸும் தண்ணியும் பாதி பாதி போட்ட பக்கெட்ல அரை மணி நேரம் வைங்க, வெறும் ஐஸ விட இது சீக்கிரம் ஆறும். கம்பிய தளர்த்தின நிமிஷத்துலேர்ந்து கட்டைவிரல் கார்க் மேலயே இருக்கணும், பாட்டில சாய்ச்சு புடிச்சு, கார்க்க ஆட்டாம பாட்டில திருப்புங்க, புஸ்ஸுனு சின்ன சத்தம் வந்தா சரியா திறந்திருக்கீங்க. ஆள் இருக்கற பக்கம் திருப்பாதீங்க.

நீள கிளாஸ்ல நுரை அழகா தெரியும், வாசனை தெரியாது. சாதாரண ஒயிட் ஒயின் கிளாஸ் போதும். ஆனா சோப்பு மிச்சம் இருந்தா குமிழ் சரியா வராது, வெறும் சுடுதண்ணில அலசி துணியால தொடைங்க.

கேள்வி: ஒரு பாட்டில்ல ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாசனை வந்துச்சு. சில ஒயின் இப்படித்தான் இருக்கும்னு சொல்லி குடிச்சிட்டோம். அது கெட்டதா?

பதில்: அது கார்க்லேர்ந்து வர்ற டிசிஏங்கற கெமிக்கல், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா அது ஒயினோட குணம் இல்ல, குறை. அடுத்த தடவ ஒரு வாய்க்கு மேல போகாதீங்க, மிச்சத்த ஊத்திடாம அப்படியே மூடி, கார்க்கோட, பில்லோட மறுநாளே கடைக்கு எடுத்துட்டு போய் மாத்தி கேளுங்க. பாதி பாட்டில் காலின்னா கேக்கறதே கஷ்டம்.