மாடிக் கோழிக்கூண்டு: நாற்றமும் ஈயும்

மாடியில் 6க்கு 4 அடிக் கூண்டு, 12 நாட்டுக்கோழி, சுண்ணாம்பு தூவியும் நாற்றமும் ஈயும் குறையவில்லை, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் சுண்ணாம்பை நிறுத்துங்கள். ஈர எச்சத்தில் அது பட்டால் நாற்றமடிக்கும் அம்மோனியா வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். ஒரு பெரிய கோழி நாளைக்கு சுமார் 100 கிராம் எச்சம் போடும். 12 கோழிக்கு ஒரு கிலோவைத் தாண்டிவிடும். 24 சதுர அடியில் அது காய வழியே இல்லை. பாதிக் கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், வருத்தமாக இருந்தாலும்.

பழைய கூளத்தை முழுக்க அள்ளிவிட்டு, காய்ந்த உமியை 4 அங்குலம் பரப்பித் தினமும் கிளறுங்கள். கையில் பிடித்து அழுத்தும்போது உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அந்த இடத்தை மட்டும் மாற்றினால் போதும். பெரும்பாலும் அது தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் இருக்கும். தட்டைச் செங்கல் வைத்துக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்குங்கள்.

மருந்தடித்தால் பறக்கிற ஈ மட்டும்தான் சாகும், கூளத்தில் இருக்கும் ஈயின் புழு தப்பிவிடும். கோடையில் ஈயின் முட்டை ஈயாக மாற 7 முதல் 10 நாள் போதும். ஆகவே ஈரக் கூளத்தை வாரம் இருமுறை அள்ளி, மூடியுள்ள டிரம்மில் போடுங்கள்.

இரவில் தீவனத்தை உள்ளே விடாதீர்கள், எலி வரும். சேவல் கூவுவதைத்தான் நிறுத்த முடியாது. முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே தேவையில்லை.