ஜன்னலுக்கு எதிரே உயரும் தீ அடுக்கு: பெல்ஃபாஸ்ட் வாசகியின் ஐந்து கேள்விகள்

கேள்வி: நாங்கள் தூத்துக்குடியைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். நான் பெல்ஃபாஸ்ட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கிழக்கு பெல்ஃபாஸ்ட்டில் தனியாரிடம் வாடகைக்கு இருக்கிறோம். எதிரே உள்ள காலி மனையில் மே மாதக் கடைசியிலிருந்து மரப் பேலட்டுகளையும் டயர்களையும் அடுக்கி வருகிறார்கள். ஜூலை 11 இரவு கொளுத்துவார்களாம். எங்கள் வீட்டுச் சுவருக்கும் அதற்கும் முப்பது மீட்டர்கூட இல்லை. இதைத் தடுக்க முடியுமா? வீட்டுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு? மறுநாள் அணிவகுப்பு எங்கள் சாலை வழியாகப் போகும் என்கிறார்கள். எனக்கு அன்று காலை ஷிஃப்ட். தெருமுனை விளக்குக் கம்பத்தில் ‘உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே வீடு’ என்று அட்டை கட்டியிருக்கிறார்கள், அதைப் பற்றிப் புகார் கொடுக்கலாமா? வேலையில் சேர்ந்தபோது தந்த படிவத்தில் நான் புராட்டஸ்டன்டா, கத்தோலிக்கரா என்று கேட்டிருக்கிறார்கள், என்ன எழுதுவது? கடைசியாக, ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருநாளுக்கு இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மாதா சுரூபத்தோடு சிறு பவனி போக நினைக்கிறோம். அனுமதி வேண்டுமா?

பதில்: சகோதரி, உங்கள் கேள்விகளில் மிகக் கடினமானது முதல் கேள்விதான். வட அயர்லாந்தில் அணிவகுப்புக்கென்று தனிச் சட்டம், தனி ஆணையம், தனிப் படிவம் எல்லாம் உண்டு. தீ அடுக்குக்கு எதுவும் கிடையாது. உரிமம் வாங்க வேண்டிய தேவையே இல்லாததால், ‘உரிமத்தை ரத்து செய்யுங்கள்’ என்று கேட்டுப் போய் நிற்க ஓர் அலுவலகமும் இல்லை. மற்ற விஷயங்களுக்காக எழுதப்பட்ட சட்டங்களைக் கொண்டுதான் இதை அணுக வேண்டியிருக்கிறது.

1690-இல் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியம், கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸை வென்றதன் நினைவாகத்தான் ஜூலை 12 கொண்டாடப்படுகிறது. அதற்கு முந்தைய இரவில் தீ மூட்டுவார்கள். நம்மூர்க் கோயில் வாசலில் எரியும் சொக்கப்பனையை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கணிக்காதீர்கள். சில அடுக்குகள் பல மாடி உயரம் போகும். 2022-இல் லார்ன் நகரில் அடுக்கிலிருந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். அயர்லாந்தோடு இணைய விரும்பும், பெரும்பாலும் கத்தோலிக்கரான நேஷனலிஸ்ட்கள் வாழும் பகுதிகள் சிலவற்றில் ஆகஸ்ட் மாதத்திலும் தீ மூட்டுகிறார்கள் என்பதால், வீடு மாறுவதாக இருந்தால் இரண்டு காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மனை யாருடையது என்று கண்டுபிடியுங்கள். நிலப்பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். உங்கள் வட்டாரக் கவுன்சிலரிடம் கேட்டாலும் தெரியும். ஹவுசிங் எக்ஸிகியூட்டிவ், உள்கட்டமைப்புத் துறை, மாநகராட்சி போன்ற பொது அமைப்பின் நிலமாக இருந்தால், 1998 மனித உரிமைச் சட்டப்படி உங்கள் வீட்டையும் குடும்ப வாழ்வையும் மதிக்க வேண்டிய கடமை அதற்கு உண்டு. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளருக்கும் எழுதலாம். ஆனால் அவர் பெரும்பாலும் பயந்துபோய் ஒதுங்கியே இருப்பார்.

அதற்கு இணையாக மாநகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு இரண்டு தனித்தனிப் புகார்கள் கொடுங்கள். ஒன்று டயர் பற்றியது. அனுமதியில்லாத இடத்தில் கழிவைக் கொட்டுவது 1997 கழிவு ஆணைப்படி குற்றம். இதன் நகலை வட அயர்லாந்து சுற்றுச்சூழல் முகமைக்கும் அனுப்புங்கள். மற்றது புகை பற்றியது. 2011 தூய்மைச் சட்டம் உடல்நலத்துக்குக் கேடான புகையைத் தொல்லையாகக் கருதுகிறது, புகார் வந்தால் மாநகராட்சி விசாரித்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். புகைப் புகாரில் ஒரு சிக்கல் உண்டு: ஒரே இரவில் எரிந்து முடிகிற தீக்கு எதிராக நோட்டீஸ் கொடுத்து அமலாக்குவதற்குள் ஜூலை 12 விடிந்துவிடும். டயர்ப் புகாரில்தான் பலன் அதிகம், ஏனெனில் டயர் வேண்டாம் என்பதை அடுக்குபவர்களில் பலரே ஒத்துக்கொள்கிறார்கள். மரச்சீவல் நிரப்பிய இரும்புக் கூண்டைச் சில இடங்களில் தீ அடுக்குக்குப் பதிலாக ஏற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பேச்சு உங்கள் தெருவில் நடக்கிறதா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

நீதிமன்றம் போகலாமா என்றால், செலவைப் பார்க்கும்போது நான் ஊக்கப்படுத்த மாட்டேன். 2021-இல் வடக்கு பெல்ஃபாஸ்ட்டின் டைகர்ஸ் பே பகுதி அடுக்கை அகற்றக் காவல் துறை உதவ வேண்டும் என்று இரண்டு அமைச்சர்களே உயர் நீதிமன்றம் போனார்கள்; நீதிமன்றம் உத்தரவிட மறுத்துவிட்டது. 2025-இல் பெல்ஃபாஸ்ட்டின் மெரிடி தெருவில் இதைவிட வலுவான காரணங்கள் இருந்தன. அந்த மனையில் ஆஸ்பெஸ்டாஸ் கிடந்தது. ராயல் விக்டோரியா, சிட்டி ஆகிய இரு மருத்துவமனைகளுக்கு மின்சாரம் தரும் துணைமின்நிலையம் பக்கத்திலேயே இருந்தது. மாநகராட்சிக் குழு அகற்றச் சொல்லி வாக்களித்தும், உதவிக்கு வர முடியாது என்றது காவல் துறை. அடுக்கு எரிந்தது. காவல் துறை எல்லா முறையும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பிரிக்கப்போனால் கலவரம் வரும், அந்த ஆபத்து தீயின் ஆபத்தைவிடப் பெரிது. இந்தக் கணக்கில் நீதிபதிகள் எளிதில் தலையிடுவதில்லை. எனக்கு இது உவப்பான நிலை அல்ல. மிரட்டுபவனுக்குச் சட்டம் வழிவிடுவதுபோல் ஆகிவிடுகிறது. ஆனாலும் ஜூன் மாதத்தில் உங்கள் பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால் அதை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்களோ உங்கள் கணவரோ அடுக்கில் கை வைக்க வேண்டாம், நின்று வாதாடவும் வேண்டாம்.

அடுத்தது சேதம். முப்பது மீட்டருக்குள் பெரிய அடுக்கு எரிந்தால் முதலில் பாதிக்கப்படுவது சுவர் அல்ல. பிளாஸ்டிக் ஜன்னல் சட்டமும் மழைநீர்க் குழாயும் வெப்பத்தில் நெளியும், கண்ணாடி விரியும். வீட்டு உரிமையாளருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதி போட்ட படங்களை இணைத்து, ஜன்னல்களுக்குப் பலகை அடித்துத் தருமாறு கேளுங்கள். ஒரே இடத்தில் நின்று சில நாட்களுக்கு ஒருமுறை படம் எடுத்தால் அடுக்கின் உயரம் வளர்வது தெரியும். சுவரிலிருந்து உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தீயணைப்புத் துறைக்கும் அதே படங்களை அனுப்புங்கள். அன்று மாலை காரை வேறு தெருவில் நிறுத்துங்கள், சக்கரக் குப்பைத் தொட்டிகளை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஆஸ்துமா இருந்தால் அன்றிரவு நண்பர் வீட்டில் தங்குவது நல்லது.

இழப்பீட்டுக்கு 1977-இல் வந்த குற்றச்சேத இழப்பீட்டு ஆணை ஒன்று உண்டு. கலவரக் கும்பல் செய்த சேதத்துக்கு அரசே பணம் தரும். மூன்று பேருக்குக் குறையாத கும்பல் என்பது அதன் நிபந்தனை. இதில் பலர் கோட்டைவிடுவது காலக்கெடுவைத்தான்: சேதம் நடந்த 10 நாட்களுக்குள் காவல் நிலையத்துக்கும் அரசின் நீதித் துறையில் (Department of Justice) உள்ள இழப்பீட்டுப் பிரிவுக்கும் கோரப்போவதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். கட்டடத்துக்கான கோரிக்கை வீட்டு உரிமையாளருடையது. அவர் லண்டனில் உட்கார்ந்திருந்தால் 13-ஆம் தேதியே நினைவூட்டுங்கள். யாரும் கல்லெறியாமல் வெறும் வெப்பத்தால் ஜன்னல் நெளிந்தால் இந்த ஆணை பொருந்துவது கடினம். அதற்குக் காப்பீடுதான். உங்கள் பொருட்களுக்கு உரிமையாளரின் காப்பீடு உதவாது. தனிப் பாலிசி இல்லையென்றால் இப்போதே எடுங்கள், கலவரச் சேதம் அதில் அடங்குமா என்றும் படித்துப் பாருங்கள்.

கம்பத்தில் கட்டிய அட்டையை அகற்றச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். உள்கட்டமைப்புத் துறையின் அனுமதியின்றி விளக்குக் கம்பத்தில் எதையும் கட்டக் கூடாது. ஆனால் கொடி, அட்டை விஷயத்தில் அமலாக்கம் மந்தம். காவல் துறையிடம் சொல்லும்போது விதிமீறலாக மட்டும் சொல்லாமல், வெறுப்புச் சம்பவமாகப் பதிவு செய்யக் கேளுங்கள். அவசரமில்லாதபோது 101, ஆபத்தென்றால் 999. பாதிக்கப்பட்டவருக்கு அப்படித் தோன்றினாலே வெறுப்புச் சம்பவம் என்று பதிவு செய்ய வேண்டும். சம்பவ எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1987 பொது ஒழுங்கு ஆணையில் இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லாத ஓர் அம்சம் உண்டு: ஒரு மதத்தாரையோ இனத்தாரையோ பற்றி வெறுப்பைத் தூண்டுவது மட்டுமல்ல, அவர்களைப் பற்றிய அச்சத்தை மற்றவர் மனத்தில் கிளப்புவதும் குற்றம். ஆனால் வாசகம் மிரட்டுவதாகவோ வசைபாடுவதாகவோ இழிவுபடுத்துவதாகவோ இருக்க வேண்டும். உங்கள் தெரு அட்டை அந்த எல்லையைத் தொடுகிறதா என்பதில் எனக்குச் சந்தேகமே. 2025 ஜூலையில் டைரோன் மாவட்டம் மொய்காஷெலில் படகில் வந்த அகதிகளின் உருவபொம்மைகளை அடுக்கின் உச்சியில் வைத்து எரித்தார்கள். அதை வெறுப்புச் சம்பவமாகக் காவல் துறை விசாரிக்கத் தொடங்கியது. உங்கள் அடுக்கிலும் அப்படி ஏதாவது ஏறினால், கொளுத்துவதற்கு முன்பே படம் எடுத்துப் புகார் கொடுங்கள். எரிந்த பிறகு சாட்சியம் சாம்பல்தான்.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். பாதிக்கப்பட்டவராகப் புகார் கொடுப்பது விசாவுக்குக் குறையாகாது.

அணிவகுப்பு விஷயத்தில் நிலைமை எளிது. 1998 பொது ஊர்வலச் சட்டப்படி 28 நாட்களுக்கு முன் 11/1 என்ற படிவத்தில் ஏற்பாட்டாளர் காவல் துறைக்கு அறிவிப்புத் தர வேண்டும். ஒவ்வோர் அறிவிப்பையும் அணிவகுப்புகளுக்கான ஆணையமான பரேட்ஸ் கமிஷன் தன் இணையதளத்தில் போடும். உங்கள் சாலைப் பெயரை வைத்துத் தேடினால் புறப்படும் நேரம், வழி, பேண்டு எண்ணிக்கை எல்லாம் கிடைக்கும். ஜூலை 12 ஞாயிறாக வந்தால் அணிவகுப்பு திங்களுக்குப் போய்விடும் என்பதை ஷிஃப்ட் போடுபவரிடம் சொல்லி வையுங்கள். அந்த வழி பற்றி ஆட்சேபம் இருந்தால் கமிஷனுக்கு யாரும் எழுதலாம். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதுவதில் பயனில்லை. பொது ஒழுங்கு, சொத்துச் சேதம், அன்றாட வாழ்வுக்கு இடையூறு, சமூக உறவு, அந்த வழி காலங்காலமானதா என்பவற்றைத்தான் சட்டம் எடைபோடச் சொல்கிறது. கமிஷன் நிபந்தனை போடலாம்: வழியை மாற்றலாம், தேவாலயத்தைக் கடக்கும்போது ஒற்றை முரசு மட்டும் என்று கட்டுப்படுத்தலாம். முழுத் தடை போடும் அதிகாரம் கமிஷனுக்கு இல்லை, அது பிரிட்டிஷ் அரசில் வட அயர்லாந்துக்கான அமைச்சரிடம் இருக்கிறது. அறிவிப்பே தராத ஊர்வலத்தையும் காவல் துறை நிறுத்தலாம் என்று 2017-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் நிலையில் ஆட்சேபம் எழுதுவதைவிட, அன்று அரை மணி நேரம் முன்னதாக மறுபக்கச் சாலை வழியே கிளம்புவதே மேல்.

வேலையில் தந்த படிவத்துக்கு வருவோம். புதிதாக வந்தவர்களை இது திடுக்கிட வைக்கும், ஆனால் உங்களை ஒதுக்க வந்த கேள்வி அல்ல. 1998 நியாய வேலைவாய்ப்பு ஆணைப்படி, வாரம் 16 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்யும் 11 பேருக்குக் குறையாத நிறுவனம் சமத்துவ ஆணையத்தில் பதிவு செய்து, தன் ஊழியர்களின் சமூகப் பின்னணியைக் கணக்கெடுக்க வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள்: புராட்டஸ்டன்ட் சமூகம், ரோமன் கத்தோலிக்க சமூகம், இரண்டும் இல்லை. கேட்பது உங்கள் விசுவாசத்தை அல்ல, எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதை. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை, சொன்னால் உண்மையாகச் சொல்ல வேண்டும். தெரிந்தே பொய் எழுதுவது குற்றம். காலியாக விட்டாலும் தப்ப முடியாது: விண்ணப்பத்தில் உள்ள பெயர், படித்த பள்ளி போன்றவற்றை வைத்து நிறுவனமே கணிக்கலாம். தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்திருந்தால் எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நேராகக் கத்தோலிக்கக் கட்டத்தில் டிக் போடுங்கள். இந்தத் தகவலை வெளியிடுவது குற்றம், உங்கள் வார்டு மேலாளர்கூடப் பார்க்கக் கூடாது.

ஜூலையில் யாராவது வார்டில் கொடி கட்டினாலோ, உங்கள் மதத்தைச் சொல்லிக் கேலி செய்தாலோ அதே ஆணை உங்களைக் காக்கும். ஆனால் காலக்கெடு குறுகியது: தெரியவந்த நாளிலிருந்து 3 மாதம், அல்லது நடந்த நாளிலிருந்து 6 மாதம், இரண்டில் எது முந்தியோ அது. தீர்ப்பாயத்தில் மனு போடும் முன் தொழிலுறவு முகமையின் சமரச நடைமுறைக்கு அறிவிப்புத் தர வேண்டும். உள்புகார் முடியட்டும் என்று காத்திருப்பதில்தான் பல வழக்குகள் செத்துப்போகின்றன. உள்புகார் நடந்தாலும் நாட்காட்டி நிற்காது.

பவனிக்கும் அந்த 11/1 படிவம்தான். ஜூலை 12 அணிவகுப்பு நடத்தும் புராட்டஸ்டன்ட் அமைப்பான ஆரஞ்சு ஆர்டருக்கும் மாதா பவனிக்கும் சட்டம் ஒன்றே. விலக்கு இறுதி ஊர்வலத்துக்கும், வழக்கமான பாதையில் போகும் சால்வேஷன் ஆர்மிக்கும் மட்டும். ஆகஸ்ட் 5-க்கு 28 நாள் முன்பு என்றால் ஜூலை 8. கடைசி நாளில் ஓடாமல் ஜூலை முதல் வாரத்திலேயே, பவனி தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தில் கொடுங்கள். கட்டணம் இல்லை. தேதி, நேரம், வழி, எத்தனை பேர், பேண்டு உண்டா, ஒழுங்குக்கு யார் பொறுப்பு, ஏற்பாட்டாளரின் பெயர், முகவரி ஆகியவற்றை எழுத வேண்டும். தேவாலய வளாகத்துக்குள்ளேயே சுற்றினாலும், பொதுமக்கள் வந்துபோகும் இடம் என்பதால் சட்டத்தில் அது ‘பொது இடம்’ ஆகக்கூடும். காவல் நிலையத்தில் கேட்டு, அவர்கள் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழியைத் தேர்வு செய்யும்போது உங்கள் தெருவைச் சேர்க்க வேண்டாம். பங்குச்சாமியிடம் பேசி, தேவாலயத்தை ஒட்டிய சாலைகளிலேயே ஒரு சுற்றோடு முடித்துக்கொள்ளுங்கள். சீருடை போட்ட தன்னார்வலர் நாலு பேர் சாலையோரம் நிற்கட்டும்.